ஒரே பாட்டு, நாலு மெட்டு, நூறு கினி

மார்க் கூட்டுகிற வேலைக்கு இனிமேல் யார் கூப்பிட்டாலும் போவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன்.

போன மாதம் இங்கே லண்டனில் ஒரு தமிழ்ப் பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாட்டுப் போட்டி. எல்லாருக்கும் ஒரே பாரதியார் பாட்டு, மெட்டு மட்டும் அவரவர் டீச்சர் போட்டது. நடுவர்கள் மூன்று பேர். நான் நடுவர் இல்லை, கணக்குப்பிள்ளை. மூன்று தாளையும் வாங்கி, கூட்டி, மேடைக்கு அனுப்ப வேண்டியது. அலுவலகத்திலும் இதே வேலைதானே என்று என்னைப் பிடித்துப் போட்டுவிட்டார்கள். முடிவு சொல்லி ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, ஒரு அம்மா வந்து நின்றார். "அக்கா, உங்கட கூட்டல் பிழை போல கிடக்கு." எதிரிலேயே மறுபடி கூட்டிக் காட்டினேன். அரை மார்க் வித்தியாசம், ஆனால் கூட்டல் சரி. "அப்ப மார்க் போட்ட ஆக்கள்தான் பிழை" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அந்தப் பிள்ளையின் டீச்சர் சாப்பாட்டுக்குக்கூட நிற்காமல் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். வடை எல்லாம் மீந்து போனது.

என் அலுவலகம் பிளாக்ஃப்ரையர்ஸ் ஸ்டேஷன் பக்கம். ஈஸ்ட் ஹாமில் ஏறினால் டிஸ்ட்ரிக்ட் லைனில் நேராக வந்து இறங்கலாம். மதியம் டப்பாவைக் காலி செய்துவிட்டு ஒரு கால் மணி நேரம் நடப்பேன். ட்யூடர் ஸ்ட்ரீட், அதிலிருந்து மேலே ஏறும் டார்செட் ரைஸ், அப்படியே ஃப்ளீட் ஸ்ட்ரீட். கண்ணாடிக் கட்டடங்கள், டெலிவரி வண்டிகள், வாசலில் நின்று சிகரெட் பிடிக்கும் வக்கீல்கள். இந்த 'டார்செட்' என்ற பெயர் எங்கிருந்து வந்தது என்று ஒரு நாள் தேடப் போய்த்தான் இந்தக் கதைக்குள் விழுந்தேன். நான் நடக்கும் அந்தப் பக்கத்தில், தேம்ஸ் ஆற்றை ஒட்டி, 1671இல் டார்செட் கார்டன் என்று ஒரு தியேட்டர் கட்டினார்கள். ஆட்கள் படகில் வந்து படித்துறையில் இறங்கி நாடகம் பார்க்கப் போவார்கள். 1709இல் இடித்துவிட்டார்கள். அதற்கு எட்டு வருஷம் முன்னால், 1701இல், அங்கே ஒரு போட்டி நடந்தது. ஒரே பாட்டுப் புத்தகம், நாலு இசையமைப்பாளர்கள், நாலு மெட்டு. போட்டி முடிந்ததும் ஒருவர் கோபித்துக்கொண்டு நாட்டை விட்டே போனார்.

படித்தபோது அந்த டீச்சர் ஞாபகம் வந்து தனியாகச் சிரித்தேன்.

கொஞ்சம் பின்னால் போய்விட்டு வருகிறேன். கதை முழுவதையும் பாட்டாகவே நடத்தும் ஓபரா இங்கிலாந்தில் பிறந்ததே ஒரு சட்ட ஓட்டை வழியாகத்தான். மன்னர் இல்லாத 1650களில் நாடகத்துக்குத் தடை. வில்லியம் டேவனன்ட் என்பவர், இது நாடகம் இல்லை ஐயா, இசையோடு ஒரு கதை என்று சொல்லி, 1656இல் 'தி சீஜ் ஆஃப் ரோட்ஸ்' என்ற ஒன்றை முழுக்கப் பாட்டாகவே நடத்தினார். அப்புறம் மன்னராட்சி திரும்பியது, தடை போனது. தடை போனதும் அவர்களுக்கு முழுப்பாட்டின் மேல் ஆசையும் குறைந்தது. பேச்சு நாடகத்தை நடத்திக்கொண்டே இடையிடையே பாட்டும் ஆட்டமும் மந்திரக் காட்சியும் செருகும் ஒரு கலவைதான் ஜனங்களுக்குப் பிடித்தது. நம் ஊர் கம்பெனி நாடகத்தில் ராஜாதான் முதலில் பாடுவார். இங்கே நேர்மாறு. 1691இல் ஹென்றி பர்செல் இசையமைத்த 'கிங் ஆர்தர்' நாடகத்தில் ஆர்தர் ராஜா ஒரு வரிகூடப் பாடுவதில்லை. ஆவிகளும் இடையர்களும் குளிர் தேவதையும்தான் பாடும். ராஜா பேசுவார்.

பர்செல் அப்போது லண்டன் மேடையின் தனிப்பெரும் ஆள். 1695 நவம்பரில் அவர் இறந்தபோது வயது 36. அந்த நாற்காலி காலியானதும் யார் உட்காருவது என்ற கேள்வி எழாமல் இருக்குமா?

1700 மார்ச்சில் 'லண்டன் கெஜட்' பத்திரிகையில் ஒரு அறிவிப்பு வந்தது. இசையை ஊக்குவிக்க உயர்குடிப் பெரியவர்கள் சிலர் 200 கினி திரட்டியிருக்கிறார்கள். முதல் பரிசு 100, இரண்டாவது 50, மூன்றாவது 30, நாலாவது 20. கலந்துகொள்ள விரும்பும் இசையமைப்பாளர்கள் கிரேஸ் இன் வாசலில் இருக்கும் ஜேக்கப் டான்சனைப் பார்க்கவும். டான்சன் ஒரு புத்தகப் பதிப்பாளர். பணம் போட்டவர்களில் முக்கியமானவர் ஹாலிஃபாக்ஸ் பிரபு. ஒரு கினி என்பது அப்போது 21 ஷில்லிங்குக்குச் சற்று மேல், அதாவது ஒரு பவுண்டைத் தாண்டிய தங்கக் காசு.

இந்தப் பரிசுக் கணக்கு எனக்குப் பிடித்திருக்கிறது. கடைசியில் போட்டிக்கு வந்தவர்கள் நாலே பேர், பரிசும் நாலு. யாரும் வெறுங்கையோடு போக வேண்டாம். இப்படி ஏற்பாடு செய்தும் சண்டை வந்தது.

பாட்டுப் புத்தகம் எழுதியவர் வில்லியம் காங்க்ரீவ். நகைச்சுவை நாடகங்களில் பெரிய பெயர். அவர் எடுத்துக்கொண்ட கதையைத்தான் நான் ரசித்துக்கொண்டே இருக்கிறேன். போட்டிக்கு எழுதச் சொன்னால், போட்டியைப் பற்றியே எழுதிவிட்டார்! 'தி ஜட்ஜ்மென்ட் ஆஃப் பாரிஸ்', அதாவது பாரிஸின் தீர்ப்பு. கிரேக்கக் கதை. அழகிகளில் அழகி யாரோ அவளுக்கு என்று ஒரு தங்க ஆப்பிள். ஜூனோ, பாலஸ், வீனஸ் என்று மூன்று தேவிகள் எனக்கு எனக்கு என்று நிற்கிறார்கள். ஆடு மேய்த்துக்கொண்டிருக்கும் பாரிஸ் தீர்ப்புச் சொல்ல வேண்டும். நாரதர் மாம்பழத்தைக் கொண்டுவந்து கைலாயத்தில் வைத்த மாதிரிதான். ஆனால் சிவபெருமானுக்கு இருந்த தைரியம் தேவர்களின் ராஜா ஜூபிடருக்கு இல்லை. தன் வீட்டுப் பஞ்சாயத்தைத் தூதன் மெர்க்குரி கையில் கொடுத்து ஒரு இடையன் தலையில் கட்டிவிட்டார்.

பாரிஸ் மூவரையும் பார்த்துத் திணறிப்போகிறான். சேர்ந்து நின்றால் கண் கூசுகிறது, தனித்தனியாக வாருங்கள் என்கிறான். அப்புறம், முகத்தை மட்டும் பார்த்துப் பரிசு கொடுக்க முடியாது, உடையையும் களையுங்கள் என்கிறான். காங்க்ரீவின் குறும்பு அது. ஜூனோ ராஜ்யம் தருகிறேன் என்கிறாள். பாலஸ் போரில் வெற்றி தருகிறேன் என்கிறாள். வீனஸ் காதலைத் தருகிறேன் என்கிறாள். பழம் வீனஸுக்கு. எல்லாரும் சேர்ந்து பாட, திரை விழுகிறது. மூன்று தேவிகளும் லஞ்சம்தான் பேசுகிறார்கள் என்பதை, பணம் போட்டுத் தீர்ப்பும் சொல்லப்போகிற பிரபுக்கள் முன் வரிசையில் உட்கார்ந்து கேட்டிருக்கிறார்கள்.

போட்டிக்கு வந்த நாலு பேர்.

ஜான் எக்கிள்ஸ். லிங்கன்ஸ் இன் ஃபீல்ட்ஸ் தியேட்டரின் ஆஸ்தான இசையமைப்பாளர். 1700இல்தான் அரசவை இசைக்குத் தலைவராகியிருந்தார். கோட்ஃப்ரீ ஃபிங்கர், இன்றைய செக் நாட்டில் இருக்கும் மொராவியாவின் ஓலோமோட்ஸ் ஊர்க்காரர். இரண்டாம் ஜேம்ஸ் மன்னரின் கத்தோலிக்கத் தேவாலயத்தில் வாசிக்க வந்தவர். மன்னர் ஓடிப்போன பிறகும் லண்டனிலேயே தங்கி, கச்சேரி, மேடை என்று பிழைத்தவர். டேனியல் பர்செல், மறைந்த ஹென்றியின் சகோதரர். அண்ணன் முடிக்காமல் விட்ட 'தி இந்தியன் குயின்' நாடகத்துக்குக் கடைசிப் பகுதி இசையைப் போட்டுக் கொடுத்தவர், டிரூரி லேன் தியேட்டர்காரர். நாலாவது ஆள் ஜான் வெல்டன். வயது 25. ஹென்றி பர்செலிடம் பாடம் கேட்டவர். ஆக்ஸ்ஃபோர்டில் நியூ காலேஜில் ஆர்கன் வாசித்துக்கொண்டிருந்தார். லண்டன் மேடையில் அவரை யாருக்கும் தெரியாது.

முதலில் நாலு பேருடையதையும் தனித்தனியாக நடத்தினார்கள். எக்கிள்ஸுக்கு 1701 மார்ச் 21, ஒரு வெள்ளிக்கிழமை. அன்று என்ன நடந்தது என்று நமக்கு நன்றாகவே தெரியும். ஐந்து நாள் கழித்து காங்க்ரீவ் அயர்லாந்தில் இருந்த நண்பருக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். அந்தக் கடிதத்தை நான் ரயிலில் மூன்று தடவை படித்தேன்.

தனிப் பாட்டுப் பாடுகிறவர்களைச் சேர்க்காமலே மேடையில் 85 பேர். மேடையின் முன்பக்கத்தைப் பலகை வைத்துக் குழிவாக அடைத்து, பலகை முழுக்கத் தகரம் அடித்திருந்தார்கள், சத்தம் முட்டி முன்னால் வரட்டும் என்று. மைக் இல்லாத காலத்து மூளை! வழக்கமான விளக்குகள் போதாதென்று சுற்றிலும் மெழுகுவத்தி. பாக்ஸ் இருக்கை, கீழ் இருக்கை என்ற பிரிவினையை அன்று எடுத்துவிட்டார்கள், எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்தார்கள். சமத்துவம் என்று நினைத்துவிட வேண்டாம். கண்ட கண்ட ஆளை உள்ளேயே விடவில்லை என்பதையும் அதே மூச்சில் எழுதுகிறார். எல்லாரும் ஒன்றுதான், உள்ளே வர முடிந்தவர்கள் வரைக்கும்.

எனக்குப் பிடித்தது அடுத்த விவரம். மேடைக்கும் கீழ் இருக்கைகளுக்கும் நடுவில் வாத்தியக்காரர்கள் உட்காரும் இடம் இருக்குமே, அங்கே ஒரு கடையைக் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். வைட்ஸ் சாக்லேட் ஹவுஸ். லண்டனில் பணக்காரர்கள் சூதாடும் பிரபலமான இடம், கடையோடு ஆட்களோடு அப்படியே இடம்பெயர்ந்து வந்திருந்தது. சூடாகக் குடிக்கும் சாக்லேட், குளிர்ந்த பானங்கள், ராட்டஃபியா என்ற இனிப்பு மது, பொர்தோ பக்கத்து ஒயின். யார் என்ன கேட்டாலும் இலவசம், செலவு முழுக்கப் பரிசுக்குப் பணம் போட்ட சந்தாதாரர்களுடையது. கணக்கு எழுதுகிறவளாக எனக்கு இங்கே ஒரு சந்தேகம். பரிசுத் தொகை 200 கினி. 85 பேருக்குச் சம்பளம், மெழுகுவத்தி, தகரம், தச்சுக்கூலி, ஊருக்கெல்லாம் சாக்லேட். இதை நாலு இரவும் கடைசியில் இன்னொரு இரவும் என்று கூட்டினால், பரிசு என்பது அந்த மொத்தச் செலவில் ஒரு மூலையில்தான் இருந்திருக்கும்.

வீனஸாக நடித்தவர் ஆன் பிரேஸ்கர்டில். அன்றைய மேடையின் பெரிய நட்சத்திரம். அவருக்கும் காங்க்ரீவுக்கும் நடுவில் என்ன என்று ஊரே பேசிக்கொண்டிருந்தது. கடிதத்தில் நம் தோழி வீனஸ் அற்புதம் செய்துவிட்டாள் என்று உருகுகிறார். ஜூனோவும் அப்படித்தானாம். பாலஸாக வந்தவர்தான் அவ்வளவு எடுபடவில்லையாம். எழுதியவரே தீர்ப்பில் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டார் பாருங்கள்.

ஃபிங்கருக்கு மார்ச் 28, டேனியல் பர்செலுக்கு ஏப்ரல் 11, வெல்டனுக்கு மே 6. எல்லாம் முடிந்து ஜூன் 3 அன்று நாலையும் ஒரே இரவில் நடத்தினார்கள். யோசித்துப் பாருங்கள். ஒரே கதை, ஒரே வரிகள், நாலு தடவை. மெர்க்குரி நாலு தடவை வானத்திலிருந்து இறங்குகிறான். பாரிஸ் நாலு தடவை மயங்குகிறான். வீனஸ் நாலு தடவையும் ஜெயிக்கிறாள். நானானால் மூன்றாவது பாலஸ் வரும்போது சாக்லேட் பக்கம் போயிருப்பேன்.

சந்தாதாரர்கள் தீர்ப்பு: முதல் பரிசு வெல்டன். இரண்டாவது எக்கிள்ஸ். மூன்றாவது டேனியல் பர்செல். நாலாவது ஃபிங்கர்.

ஃபிங்கர் 20 கினியோடு பழனிக்குப் போய்விட்டார் என்று சொல்ல வேண்டியதுதான். நாற்பது வயதுக்காரர், லண்டனில் பல வருஷமாகப் பெயர் வாங்கியவர், கடைசி இடம். பெரியவர்களுக்கு இசையமைக்கிறோம் என்று நினைத்தேன், பையன்களுக்கு என்று தெரியாது என்ற அர்த்தத்தில் அவர் ஒரு வார்த்தை சொன்னதாக அந்தக் காலத்து இசை ரசிகர் ரோஜர் நார்த் எழுதி வைத்திருக்கிறார். கேட்டவர்களைச் சொன்னாரா, ஜெயித்தவரைச் சொன்னாரா என்பது தெளிவில்லை. இரண்டுமாகவும் இருக்கலாம். இங்கிலாந்தை விட்டுப் போய் ஜெர்மன் அரசவைகளில் வேலை பார்த்து, 1730இல் மான்ஹைமில் இறந்தார்.

வெல்டன் எப்படி ஜெயித்தார்? என் ஊகம் இது. 1695இல் டிரூரி லேன் முதலாளி கிறிஸ்டோபர் ரிச்சோடு சண்டை போட்டுக்கொண்டு மூத்த நடிகர்கள் எல்லாம் வெளியேறி லிங்கன்ஸ் இன் ஃபீல்ட்ஸில் தனிக் கம்பெனி ஆரம்பித்தார்கள். அதிலிருந்து லண்டனில் யாராக இருந்தாலும் இந்தக் கட்சி அல்லது அந்தக் கட்சி. எக்கிள்ஸ் ஒரு பக்கத்து ஆள், டேனியல் மறுபக்கத்து ஆள். ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து வந்த பையனுக்குக் கட்சியே கிடையாது. அவனுக்குப் போட்டால் யாரும் யாரிடமும் தோற்றதாக ஆகாது. ஊர்ச் சங்கத் தேர்தலில் இரண்டு கோஷ்டியும் முட்டிக்கொண்டு நிற்கும்போது வாயே திறக்காத ஒருவர் செயலாளர் ஆவதைப் பார்த்திருக்கிறோமே. இசையும் நன்றாக இருந்திருக்க வேண்டும், அதை மறுக்கவில்லை.

எக்கிள்ஸும் டேனியலும் போட்ட இசை அச்சில் வந்தது. இன்று இரண்டுக்கும் நல்ல ஒலிப்பதிவுகள் உண்டு. ஈஸ்ட் ஹாமில் ஏறினால் பிளாக்ஃப்ரையர்ஸ் வருவதற்குள் எக்கிள்ஸில் மூன்றாவது தேவி வரைக்கும் கேட்டுவிடலாம். பாலஸ் போரைப் பாடும்போது ட்ரம்பெட்டும் முரசும் காதைப் பிளக்கும். கொஞ்சம் மிகைதான், ஆனால் ஆப்பிளுக்காகச் சண்டை போடும் தேவியிடம் அளவு எதிர்பார்க்கக் கூடாது. எக்கிள்ஸுக்கு மேடை தெரியும். எந்த வார்த்தையில் நடிகை திரும்பிப் பார்ப்பாள் என்று நினைத்துப் போட்டது மாதிரி இருக்கும். டேனியல் இன்னும் அடக்கம், அண்ணனின் நிழல் அங்கங்கே விழுகிறது. அதைக் குறையாகச் சொல்வது பாவம்.

ஜெயித்தவருடைய முழு இசை அச்சாகவில்லை, கையெழுத்துப் பிரதியாகத்தான் தப்பியது. வெல்டன் அப்புறம் ஓபரா பக்கமே அதிகம் வரவில்லை. தேவாலய இசைக்குப் போனார், 1708இல் அரச தேவாலயத்தின் ஆர்கன் பொறுப்பு கிடைத்தது. 'தி டெம்பெஸ்ட்' நாடகத்துக்கான இசை என்று வெகுகாலம் ஹென்றி பர்செல் பெயரில் பாடிக்கொண்டிருந்ததைப் பெரும்பாலும் வெல்டன் போட்டதாகத்தான் இப்போது ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். நன்றாக எழுதினால் அது குருவின் கணக்கில் போய்விடுகிறது! போட்டியில் ஜூனோவுக்கு அவர் போட்ட ஒரு பாட்டு மட்டும் தனியாக உயிர் பிழைத்தது. பேராசை உன் மனதைக் கொளுத்தட்டும் என்று பாரிஸுக்கு ஆசை காட்டும் பாட்டு. 1762இல், வெல்டன் இறந்து பல வருஷம் கழித்து, கவென்ட் கார்டனில் 'லவ் இன் எ வில்லேஜ்' என்று ஒரு நாடகம் போட்டார்கள், பலருடைய பழைய மெட்டுகளைக் கோத்து. அதன் முதல் பாட்டே இந்த மெட்டுதான். வார்த்தை மட்டும் வேறு, இளம் ஆசைக்குப் பாலூட்டும் நம்பிக்கையே என்று இரண்டு பெண்கள் சேர்ந்து பாடுவார்கள். தோற்றுப்போன தேவியின் பாட்டு, 61 வருஷம் கழித்து ஒரு வெற்றி நாடகத்தின் தொடக்கம்.

எக்கிள்ஸுக்குத்தான் என் மனசு அடித்துக்கொள்கிறது. காங்க்ரீவும் அவரும் சேர்ந்து 'செமெலி' என்று முழு நீள ஆங்கில ஓபரா ஒன்றை 1707 வாக்கில் முடித்தே விட்டார்கள். அதற்குள் காற்று மாறிவிட்டது. 1705இல் டிரூரி லேனில் இத்தாலிய பாணி 'அர்சினோ' வந்து, அப்புறம் இத்தாலியப் பாடகர்களே வந்து இறங்கினார்கள். 1711இல் ஜெர்மன் இசையமைப்பாளர் ஹாண்டல் 'ரினால்டோ' என்ற இத்தாலிய ஓபராவோடு வந்தபோது மேடையில் நிஜக் குருவிகளைப் பறக்கவிட்டார்கள். 'செமெலி' மேடையேறவில்லை. எக்கிள்ஸ் கிங்ஸ்டன் பக்கம் ஒதுங்கி, மன்னர் பிறந்தநாளுக்கும் புத்தாண்டுக்கும் வாழ்த்து இசை போட்டுக் கொடுத்துவிட்டு, மிச்ச நேரம் தூண்டில் போட்டு மீன் பிடித்துக்கொண்டிருந்தாராம். நாலு அரசர்களைப் பார்த்துவிட்டு 1735இல் போய்ச் சேர்ந்தார். ஒன்பது வருஷம் கழித்து அதே காங்க்ரீவ் வரிகளை எடுத்து ஹாண்டல் 'செமெலி' போட்டார். இன்று அந்தப் பெயரைச் சொன்னால் எல்லாருக்கும் ஹாண்டல்தான்.

இன்னொரு சின்ன விஷயம், இதைச் சொல்லாமல் விட மனமில்லை. போட்டி நடந்த அதே 1701ஆம் வருஷம் தியேட்டர்காரர்கள் பத்திரிகையில் இன்னொரு அறிவிப்புக் கொடுத்தார்கள். ஹென்றி பர்செல் இசையமைத்த 'தி ஃபேரி குயின்' நோட்டைக் காணவில்லை, கொண்டுவந்து தருகிறவர்களுக்குச் சன்மானம். எவ்வளவு தெரியுமா? 20 கினி. ஃபிங்கருக்குக் கிடைத்த அதே தொகை. யாரும் கொண்டுவரவில்லை. இருநூறு வருஷம் கழித்துத்தான் அது ராயல் அகாடமி ஆஃப் மியூசிக் நூலகத்தில் கிடைத்தது.

1989இல் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில், பிபிசி ப்ராம்ஸ் இசை விழாவில், அந்தப் பழைய போட்டியைத் திரும்ப நடத்தினார்கள். இந்தத் தடவை தீர்ப்பு சபையில் இருந்த ஜனங்களுடையது. 288 வருஷத்துக்கு அப்புறம் முதல் இடம் எக்கிள்ஸுக்கு. அன்று பாடியது மூன்று பேருடையதுதான். ஃபிங்கர் போட்ட இசை இன்றுவரை எங்கும் கிடைக்கவில்லை.

என்றைக்காவது ஏதாவது ஜெர்மன் நூலகப் பரணில் அது கிடைத்து, மூன்றாவது தடவையாக நடத்தினால் டிக்கெட் வாங்கிக்கொண்டு போவேன். கூட்டுகிற வேலைக்கு மட்டும் கூப்பிட வேண்டாம்.